குடும்ப மானத்தின் பேரில் நடக்கும் வன்முறை: ஸ்டேஷன்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் என்ன பயிற்சி கொடுப்பது?

மெரிபேங்க் தொண்டர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் தெற்குப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில், பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி அறையை நடத்தும் தொண்டர்கள் சார்பில் கேட்கிறேன். "குடும்ப மானம் போச்சு" என்று பெண்ணை வீட்டில் அடைப்பது, அடிப்பது, வேண்டாத கல்யாணத்துக்குத் தள்ளுவது, இந்தியாவுக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வருவது, இதையெல்லாம் எப்படிக் கையாளுவது என்று ஒரு முழு நாள் பயிற்சி வைக்க ஸ்டேஷன் கமாண்டர் சம்மதித்திருக்கிறார். சுமார் 30 பேர் வருவார்கள். முன் கவுண்டர் கான்ஸ்டபிள்கள், துப்பறிவாளர்கள், பக்கத்து கிளினிக் நர்ஸ்கள், இரண்டு பள்ளிக்கூடத்து டீச்சர்கள்.

இப்போதே வந்துவிட்ட கேள்விகள் இவை. "குடும்ப வன்முறைச் சம்பவத்தைப் பதிய போலீசின் 508 ஏ படிவம் இருக்கிறதே, இதற்கெதற்குத் தனிப் பயிற்சி?" என்கிறார் ஒரு சார்ஜன்ட். இந்தியாவிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராது; நம் தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்களையே மொழிபெயர்க்க வைக்கலாமா? கோயில் கமிட்டியில் ஒரு ஐயா சமரசம் பேச முன்வருகிறார்; அவரையும் சேர்ப்பதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

ஃபீனிக்ஸ் சமூகப்பணி எழுதியது:

சார்ஜன்ட் கேட்டது நியாயமான கேள்வி. புருஷன் அடிக்கிற கேஸில் "இன்னைக்கு ராத்திரி அம்மா வீட்டில் இரும்மா" என்று அனுப்புவது நல்ல யோசனை. இந்த வகைக் கேஸில் அதே யோசனை அவளைக் கொன்றுவிடும். அடிப்பவன் ஒருத்தன், சுற்றி இருப்பவர்கள் தடுப்பார்கள் என்ற கணக்கு இங்கே செல்லாது. அண்ணன் கண்காணிப்பான், அத்தை போனைப் பிடுங்குவாள், மாமா டிக்கெட் போடுவார், அம்மா அழுது கூப்பிடுவாள். யார் சொல்லி யார் செய்கிறார்கள் என்பது கடைசிவரை வெளியே தெரியாது. ஆபத்து பெண்ணுக்கு மட்டுமில்லை, அவள் விரும்பும் பையனுக்கும் உண்டு. ஓரினச் சேர்க்கையாளன் என்று வீட்டுக்குத் தெரிந்துவிட்ட பையனும் இதே நிலைமையில்தான் இருப்பான்.

பயிற்சியில் ஒரே ஒரு உண்மைக் கேஸ் எடுப்பதென்றால் லண்டனில் நடந்த பனாஸ் மஹ்மூத் கேஸை எடுங்கள். 20 வயதுப் பெண். தன்னைக் கொல்லப்போகிறவர்களின் பெயர்களை எழுதி 2005 டிசம்பரில் போலீசிடமே கொடுத்தாள். அந்த டிசம்பர் 31 அன்று அப்பாவிடமிருந்து தப்ப ஜன்னலை உடைத்து ஓடினாள். ஆஸ்பத்திரியில் அவளை விசாரித்த அதிகாரி நாடகம் என்று முடிவு கட்டினார். ஜன்னலை உடைத்ததற்கு அவள் மேலேயே வழக்குப் போடலாமா என்றுகூட யோசித்தார். 2006 ஜனவரியில் கொன்றுவிட்டார்கள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் 2007ல் தண்டனை கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டியது: படிவம் இல்லாமல் போனதால் அவள் சாகவில்லை. கேட்டவர் நம்பவில்லை, சொன்ன பெயர்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. பத்து வருஷம் கழித்து, 2015ல், இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்த 43 போலீஸ் படைகளை அங்கத்திய போலீஸ் ஆய்வுத் துறை சோதித்தபோதும், இந்த வகைக் கேஸ்களைக் கையாள எல்லா அம்சத்திலும் தயாராக இருந்தவை 3தான்.

சரி, கவுண்டரில் முதல் அரை மணி நேரம். பயிற்சியில் பாதி இதற்கே போகட்டும். அவள் இரண்டாம் தடவை வருவாள் என்று யாரும் நம்பக் கூடாது. வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் வரவே முடியாது.

கூட யார் வந்திருந்தாலும், அம்மாவானாலும் சரி, உள்ளே விடக் கூடாது. கவுண்டரில் நிற்க வைத்துக் கேட்கவும் கூடாது. வரிசையில் பின்னால் நிற்பவர் அவளுடைய பெரியப்பாவின் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், நம்ம ஊர் அளவு அவ்வளவுதான். அறைக் கதவை மூடியதும் "என்ன நடந்தது?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நீங்க இங்கே இருக்கிறது யாருக்குத் தெரியும்? எத்தனை மணிக்குள்ள வீட்டில் இருக்கணும்?" இதுதான் முதல் கேள்வி. இருபது நிமிஷம்தான் இருக்கிறது என்றால் வாக்குமூலத்தை ஒத்திப்போட்டு, இன்று திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை முதலில் தீர்க்க வேண்டும்.

அடுத்து போன். இடம் காட்டும் வசதி யாருடைய கணக்கோடு இணைந்திருக்கிறது, வாட்ஸ்அப் வேறு யார் கம்ப்யூட்டரில் திறந்து கிடக்கிறது என்று பாருங்கள். வீட்டுக் காரில் வந்திருந்தால் அதில் டிராக்கர் இருக்கும், ஸ்டேஷன் வாசலில் நிற்பதை அண்ணன் இந்நேரம் திரையில் பார்த்துக்கொண்டிருப்பான். இன்னொன்றை எல்லாரும் மறக்கிறார்கள்: கேஸ் பதிவானதும் கேஸ் நம்பரும் விசாரணை அதிகாரி பெயரும் எஸ்எம்எஸ்ஸில் போகும். அவள் போன் அம்மா கையில் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. டாக்கெட்டில் (கேஸ் கோப்பில்) எழுதும் நம்பர் அவள் "பத்திரம்" என்று சொன்ன நம்பராக இருக்கட்டும். யாராவது அவள் குரலில் பேசிப் பார்த்தால் பிடிக்க, ஒரு ரகசியச் சொல்லையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பெயர்கள். தாத்தா, பாட்டி, சித்தப்பா, மாமா, அவர்கள் பிள்ளைகள். ஒவ்வொருத்தர் வண்டி, வேலை இடம், துப்பாக்கி உரிமம். இந்தியாவுக்குக் கூட்டிப்போகும் பேச்சு இருந்தால் அங்கே எந்த ஊர், யார் வீடு, பாஸ்போர்ட் நம்பர். அவளுடைய சமீபத்திய படம் ஒன்று. காணாமல் போன பிறகு இதையெல்லாம் கேட்க ஆள் இருக்காது.

மொழிபெயர்ப்புக்குச் சங்கத்துப் பெரியவர்கள் வேண்டவே வேண்டாம். கெட்டவர்கள் என்பதால் இல்லை. நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒருத்தருக்குத் தெரிந்தால் சாயங்காலம் வடக்கே டோங்காட் வரை தெரியும். கேப் டவுனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ இருக்கும் மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடியுங்கள். பெண்ணின் பெயரை அவருக்குச் சொல்லாதீர்கள், அவர் பெயரை அவளுக்குச் சொல்லி, தெரிந்தவரா என்று முதலில் கேளுங்கள்.

---

டோங்காட் தாத்தா எழுதியது:

பிள்ளைகளா, கோபப்படாதீர்கள். நம்மவர்கள் இந்த நாட்டுக்கு வந்து 160 வருஷத்துக்கு மேல் ஆகிறது, சாதியெல்லாம் கரைந்துபோய் எவ்வளவோ காலம். லண்டன் சமாச்சாரத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் "இந்தியன் என்றாலே இப்படி" என்று போலீஸ்காரன் நினைப்பான். நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் தீராத குடும்பச் சண்டையா?

---

மாரிட்ஸ்பர்க் கோர்ட் கிளார்க் எழுதியது:

தாத்தா, சாதி கரைந்தது உண்மை. பெண் விரும்பும் பையன் ஜூலு என்றால்? முஸ்லிம் என்றால்? பெண் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தால், விவாகரத்து கேட்டால்? அப்போது பேசப்படுகிற "மானம்" எந்தச் சாதிக்கும் கட்டுப்பட்டதில்லை. இந்தியர்களுக்கு மட்டுமான விஷயம் என்று பயிற்சியில் யாராவது சொன்னால் நீங்கள் சொல்கிற கெடுதல் கட்டாயம் நடக்கும், அதில் உங்களோடு நான் உடன்படுகிறேன். அதனால்தான் எடுத்துக்காட்டுகளைக் கலந்து வைக்க வேண்டும். கிழக்கு கேப்பில் 14 வயதுப் பெண்ணை உகுத்வாலா (பெண்ணைத் தூக்கிப்போய்க் கல்யாணம் செய்யும்) வழக்கம் என்று கல்யாணம் செய்து கேப் டவுனுக்குக் கொண்டுபோன ஆளின் மேல்முறையீடு 2015ல் மேற்கு கேப் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. ஆள் கடத்தல், பாலியல் வன்புணர்வு ஆகிய தீர்ப்புகளை நீதிமன்றம் உறுதி செய்தது. "எங்கள் வழக்கம்" என்ற வாதம் எடுபடவில்லை.

சமரசம் என்பதற்குத் தமிழ்நாட்டைப் பாருங்கள். இந்த மாதிரிக் கேஸ்களில் ஸ்டேஷனுக்கு இரண்டு குடும்பத்தையும் வரவழைத்து, பெண்ணிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பெற்றோரோடு அனுப்பிவிடும் பழக்கம் அங்கே எத்தனை பேரைக் காவு வாங்கியது என்று நமக்கெல்லாம் தெரியும். 2003ல் விருத்தாசலம் பக்கம் கண்ணகி, முருகேசன் இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்ற வழக்கில் 2021ல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தவர்களில் 2 பேர் போலீஸ் அதிகாரிகள். 2018ல் இந்திய உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லம் என்று உத்தரவு போட வேண்டி வந்தது. கோயில் ஐயாவைப் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள், கேட்கட்டும், கல்யாணம் நடத்தி வைக்குமுன் பெண்ணிடம் தனியாகப் பேசுவது எப்படி என்று கற்றுக்கொள்ளட்டும். கேஸுக்குள் அவர் வரக் கூடாது. அவள் இருக்கும் இடம் அவருக்குத் தெரியவே கூடாது.

இனி சட்டம். துப்பறிவாளர்கள் "இது எந்தச் செக்‌ஷனில் வரும்?" என்று கேட்பார்கள்.

1998ன் 116ஆம் எண் குடும்ப வன்முறைச் சட்டம் புருஷன்-பெண்டாட்டிக்கு மட்டும் இல்லை. ரத்த உறவு, திருமண உறவு, தத்து, எல்லாம் அதில் வரும். அண்ணன் மேலும் மாமனார் மேலும் பாதுகாப்பு ஆணை, அதாவது அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற கோர்ட் உத்தரவு, கேட்கலாம். கோயிலில் மட்டும் தாலி கட்டி, பதிவு செய்யாத கல்யாணமும் இந்தச் சட்டத்துக்குப் போதும். 2021 திருத்தம் 2023 ஏப்ரல் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடக்கி ஆளும் நடத்தை, மிரட்டிப் பணிய வைக்கும் நடத்தை, மதத்தின் பேரில் செய்யும் கொடுமை என்று தனித்தனியாகவே பெயர் சொல்கிறது. அடி விழுந்த தழும்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டிய காலம் போய்விட்டது.

தவறு நடப்பது எங்கே? அப்பா மேல் ஆணை வாங்குவார்கள், தொந்தரவு கொடுப்பது மாமாவாக இருப்பார். ஒருத்தர் மேல் வாங்கிய ஆணை இன்னொருத்தரைக் கட்டாது. மிரட்டியவர்கள் ஒவ்வொருத்தர் பெயரிலும் கேட்க வேண்டும். அதோடு 7ஆம் பிரிவில் "வேறொருவர் உதவியோடு அச்செயலைச் செய்யக் கூடாது" என்று தடை போட வழி இருக்கிறது. கூட்டாகச் செய்கிற குடும்பத்துக்கென்றே எழுதினது போல இருக்கும் அந்த வரியை விண்ணப்பத்தில் பாதிப் பேர் கேட்பதே இல்லை. அதே பிரிவின்படி அவள் குடியிருக்கும் முகவரி ஆணையில் வரக் கூடாது. ஆனால் பழக்க தோஷத்தில் பிரமாண வாக்குமூலத்தின் முதல் வரியிலேயே "நான் இன்ன தெருவில் வசிக்கிறேன்" என்று எழுதிவிடுகிறார்கள், அதன் நகல் அப்பா கைக்குப் போகிறது. அவள் விரும்பும் பையனுக்கும் அவள் அண்ணனுக்கும் குடும்ப உறவு கிடையாது. அவன் 2011ன் 17ஆம் எண் தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

18 வயது ஆகாத பிள்ளை பெற்றோர் துணையில்லாமலே விண்ணப்பிக்கலாம். வயது வந்தவருக்காக அவர் எழுதிக் கொடுத்த சம்மதத்தோடு நர்ஸோ டீச்சரோ போலீஸோ விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இடைக்கால ஆணை எதிர்த்தரப்பு கையில் சேர்ந்த பிறகுதான் செல்லும். சேர்கிற அந்த மணி நேரம்தான் மிகவும் ஆபத்து. அதற்குமுன் அவள் வேறு இடம் போயிருக்க வேண்டும். சேர்ப்பிக்கிற ஆளும் விசாரணை அதிகாரியும் பேசி நேரம் குறிப்பதில்லை, நான் குறை சொல்கிற இடம் இதுதான். இறுதி விசாரணைக்குள் சின்னம்மா, பெரியம்மா எல்லாரும் படையெடுத்து வந்து "வாபஸ் வாங்கு" என்பார்கள். வாபஸ் வாங்க வருகிறவளை கிளார்க் தனியாக உட்கார வைத்துக் கேட்கணும். ஆணையோடு வரும் கைது வாரண்டின் நகலை வீட்டுக்கு வெளியே ஒருத்தரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். தொலைந்தால் கோர்ட்டில் இன்னொன்று கேட்கலாம்.

---

வெருலம் நர்ஸ் எழுதியது:

கிளினிக் பங்கு பற்றிச் சுருக்கமாக. மாமியார் கூடவே உள்ளே வருவார், எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்வார். "சிறுநீர் பரிசோதனை, அவங்க மட்டும் வரட்டும்" என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் 0800 428 428 எண்ணை ஒட்டுங்கள், அது அரசின் 24 மணி நேர எண். கையில் துண்டுப் பிரசுரம் கொடுத்து அனுப்பாதீர்கள், பையைச் சோதிப்பார்கள்.

காயம் இருந்தால் ஜே88 படிவம், அதாவது காயங்களைக் கோர்ட்டுக்காகப் பதியும் மருத்துவ அறிக்கை. "குடும்பச் சண்டை" என்று எழுதாமல் யார், எதனால், எந்த இடத்தில் என்று அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். பாலியல் வன்புணர்வு என்றால் எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நம் பக்கம் ஃபீனிக்ஸ், உம்லாசி, ஈடன்டேல் ஆஸ்பத்திரிகளில் தூதுசெலா மையங்கள் (பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஒரே இடத்தில் உதவும் மையங்கள்) இருக்கின்றன. கட்டாயக் கல்யாணத்துக்குப் பின் நடப்பதும் வன்புணர்வுதான், "புருஷன்தானே" என்று விட்டுவிடக் கூடாது.

டீச்சர்களுக்கு: மெட்ரிக் (பள்ளி இறுதி) வருஷத்தில் திடீரென்று நின்றுபோவது, இடைவேளையில்கூட அத்தை மகன் பின்னாலேயே நிற்பது, டிசம்பர் விடுமுறைக்கு ஒரு வழி டிக்கெட். சந்தேகம் வந்தால் முதலில் பெற்றோருக்குப் போன் போடுவதுதான் நம் பழக்கம், அதை விடணும். குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி படிவம் 22ல் சமூக மேம்பாட்டுத் துறைக்கோ, குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ, போலீசுக்கோ தெரிவிப்பது டீச்சருக்கும் நர்ஸுக்கும் கடமை, ஹெட்மாஸ்டர் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

---

மெரிபேங்க் தொண்டர் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஒரு சிக்கல்: ஷிப்ட் ஆள் பற்றாக்குறை என்று முழு நாளை 2 மணி நேரமாகச் சுருக்கிவிட்டார்கள். எதை வைப்பது, எதை விடுவது? அப்புறம், வீட்டார் முந்திக்கொண்டு "பெண்ணைக் காணோம்" என்று புகார் கொடுத்தால் கான்ஸ்டபிள் என்ன செய்வது?

---

ஃபீனிக்ஸ் சமூகப்பணி எழுதியது:

2 மணி நேரம் போதும், ஆனால் 30 பேரை ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். ஷிப்டுக்கு 10, 12 பேராக, அதே 2 மணி நேரத்தைத் திரும்பத் திரும்ப நடத்துங்கள். பயிற்சிக்கு அதிகாரிகளும் உதவி அறைத் தொண்டர்களும் மட்டும் வந்து, ராத்திரி 2 மணிக்குக் கவுண்டரில் உட்காருகிறவர் வராமல் போவதுதான் வழக்கம். அவருக்குத்தான் இது தேவை. ஆட்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி வைக்க வேண்டும்.

ஸ்லைடை விடுங்கள். பனாஸ் கேஸ் 10 நிமிஷம். சட்டம் 20 நிமிஷம், கிளார்க் அண்ணன் எழுதினதில் பல பேர் மேல் ஆணை, முகவரி மறைப்பது, ஆணை சேர்கிற நேரம் மூன்றும் போதும். 50 நிமிஷம் நடித்துப் பார்க்கட்டும். ஒருத்தர் பெண், ஒருத்தர் அவள் கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேசும் அத்தை, ஒருத்தர் கான்ஸ்டபிள். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்து அத்தையைப் பிரிக்க எவ்வளவு நேரமானது என்று குறிக்கணும். "கைரேகை எடுக்கணும், ஆண்ட்டி, நீங்க இங்கே உட்காருங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அழைத்துப் போகத் தெரிந்தால் தேறிவிட்டார். அது முடிகிற நேரத்தில் போன் அடிக்கட்டும்: "அண்ணே, நான் அவ அண்ணன், அவ பத்திரமா இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க." பெரும்பாலானவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். "இருக்காங்க, கவலைப்படாதீங்க" என்றாலும் காட்டிக்கொடுத்தாச்சு, தடுமாறி "வரலையே" என்றாலும் காட்டிக்கொடுத்தாச்சு. யார் கேட்டாலும், எந்தக் கேஸானாலும், "இங்கே யார் வந்தார், வரவில்லை என்று போனில் சொல்வதில்லை" என்ற ஒரே பதில். அந்த அண்ணனுக்கு உறவுக்காரர் ஸ்டேஷனிலேயே வேலை பார்க்கலாம், அதனால் டாக்கெட்டைப் பூட்டி வைத்து, தொட்டவர் பெயரை எழுதி வைக்கணும். நம் இந்திய அதிகாரிகளுக்கு இதனால் வருத்தம் வரும். அவர்களுக்கும் இது பாதுகாப்புதான் என்று சொல்லுங்கள், மாமா போன் போட்டால் "என் கையில் இல்லை" என்று சொல்லிக்கொள்ளலாம்.

காணாமல் போனவர் புகாருக்கு மீதி 40 நிமிஷம். 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் விதி கிடையாது, புகாரை உடனே எடுத்தே ஆக வேண்டும். மறுக்காதீர்கள்; மறுத்தால் வீட்டார் தாங்களே தேட இறங்குவார்கள். படத்தை வெளியிடுவதைத்தான் நிறுத்தி வைக்கணும். நம் பகுதியில் தனியார் செக்யூரிட்டி கம்பெனிகளும் தெரு வாட்ஸ்அப் குழுக்களும் அரை மணியில் படத்தை ஊர் முழுக்கப் பரப்பிவிடும், ஒளிந்திருக்கிற வீட்டின் காவல்காரரே காட்டிக்கொடுப்பார். எனவே முதலில் கேளுங்கள்: கல்யாணப் பேச்சு உண்டா, போனை யார் வாங்கி வைத்தது, துணிமணி, அடையாள அட்டை, சான்றிதழ் எடுத்துப் போயிருக்கிறாளா? எடுத்துப் போயிருந்தால் அவள் தப்பித்துப் போயிருக்கலாம். முன்பே உதவி கேட்டவளா என்று 508 பி பதிவேட்டையும் (ஸ்டேஷனின் குடும்ப வன்முறைப் பதிவேடு) பாருங்கள். அவள் வழக்குப் போட விரும்பாவிட்டாலும் சம்பவத்தைப் பதியச் சொல்லியிருப்பது இதற்காகத்தான். கண்டுபிடித்தால் அதிகாரி அவளைத் தனியாக, நேரில் பார்க்க வேண்டும். பக்கத்தில் யாராவது சொல்லிக்கொடுத்துப் பேசுகிற போன் போதாது. வயது வந்தவள் என்றால் வீட்டாருக்கு ஒரே வாக்கியம்: "பார்த்தோம், பத்திரமாக இருக்கிறார், தொடர்புகொள்ள விரும்பவில்லை." எந்த ஸ்டேஷன் பார்த்தது என்றுகூடச் சொல்லாதீர்கள். வீட்டார் அடுத்து "நகையைத் திருடிக்கொண்டு போய்விட்டாள்" என்று புகார் கொடுப்பார்கள். அது அவளைக் கண்டுபிடிக்கப் போலீசைப் பயன்படுத்துகிற வேலை. விசாரியுங்கள், முகவரியைப் புகார்க்காரருக்குக் கொடுக்காமல் விசாரியுங்கள்.

---

மாரிட்ஸ்பர்க் கோர்ட் கிளார்க் எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. துணிமணி எடுக்க வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தால் அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். போலீஸ் கூடப் போய் எடுத்துத் தர வேண்டும் என்று ஆணையிலேயே கேட்கலாம்.

இந்தியப் பயணத்துக்கு: இங்கிலாந்தில் இந்த வேலை செய்யும் கர்மா நிர்வாணா என்ற அமைப்பு, விமான நிலையத்தில் உள்ளாடைக்குள் ஒரு ஸ்பூனை வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தது. சோதனைக் கருவி சத்தம் போடும், பெண்ணைத் தனியாக அழைத்துப் போய்ச் சோதிப்பார்கள், அப்போது சொல்லலாம். டர்பன் கிங் ஷாக்கா விமான நிலையத்திலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் அந்தச் சோதனை மேஜையில் நிற்கிறவருக்கு அது புரிந்தால்தான் பலன், ஆகவே அடுத்த சுற்றில் விமான நிலையப் போலீசையும் கூப்பிடுங்கள். போய்ச் சேர்ந்துவிட்டால் டெல்லியில் தென்னாப்பிரிக்கத் தூதரகம், மும்பையில் துணைத் தூதரகம். பாஸ்போர்ட்டின் படத்தை முன்கூட்டியே இங்கே ஒருத்தரிடம் விட்டுப் போயிருந்தால் அவர்களால் வேகமாக நடக்க முடியும்.